பொது ஃப்ளோ சைட்டோமெட்ரி ஆய்வகத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செல்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியில் ஓட்டி, அவற்றின் சாய ஒளிர்வை அளக்கும் கருவி சைட்டோமீட்டர். பலர் மாறி மாறிப் பயன்படுத்தும் அந்தக் கருவியில் ஒருவர் விட்டுச்செல்லும் குறை அவருடைய தரவில் தெரிவதில்லை. அடுத்தவர் தரவில்தான் தெரியும். ஆய்வக விதிகளை வகுக்கும்போது இதைத்தான் முதலில் மனத்தில் வைக்க வேண்டும்.

கழுவாமல் எழுந்து போவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. ஒருவர் இறந்த செல்களைக் காட்டும் புரோபிடியம் அயோடைடு சாயம் ஏற்றிய செல்களை ஓட்டிவிட்டு, ஒரு நிமிடம் தண்ணீர் மட்டும் விட்டுப் போகிறார். சாயம் மாதிரிக் குழாயின் உட்சுவரில் ஒட்டியிருக்கும். அடுத்தவர் மாதிரியில் இறந்த செல்கள் அதை ஏற்று, பிஇ டிடெக்டரில் (பிஇ என்ற சாயத்தின் ஒளியை அளப்பது) புதியதொரு செல்தொகுதி போலத் தோன்றும். ஒவ்வொருவரும் முடிக்கும்போது 10% பிளீச்சை அதிவேகத்தில் 5 நிமிடம், பிறகு சுத்த நீரை 5 நிமிடம் ஓட்ட வேண்டும். நீரைச் சுருக்கினால் எஞ்சிய பிளீச் அடுத்தவர் செல்களைக் கொல்லும். நீர்த்த பிளீச்சை அன்றன்றைக்குக் கலக்குங்கள். வைத்திருந்தால் வீரியம் போய்விடும். 10 லிட்டர் கழிவுக் கேனில் 1 லிட்டர் பிளீச்சை முதலிலேயே ஊற்றிவிட வேண்டும். அதில் அமிலம் எதுவும் சேரக்கூடாது, குளோரின் வாயு கிளம்பும்.

தினசரித் தரச் சோதனையில் ‘பாஸ்’ என்று வந்ததும் திருப்தியடைவது இன்னொரு தவறு. லேசர்களை ஏற்றி அரை மணி நேரம் கழித்துத்தான் பீட்ஸ் (பிரகாசம் தெரிந்த நுண்மணிகள்) ஓட்ட வேண்டும். ஓட்டியபின் பார்க்க வேண்டியது பாஸா ஃபெயிலா என்பது மட்டும் அல்ல, எண்களின் போக்கும்தான். அதே பிரகாசத்தை எட்ட ஒரு டிடெக்டருக்கு வாராவாரம் கூடுதல் வோல்டேஜ் தேவைப்படுகிறதென்றால், லேசர் வலுவிழக்கிறது, சீரமைப்பு விலகுகிறது, அல்லது ஃப்ளோ செல்லில் (மாதிரி லேசரைக் கடக்கும் இடத்தில்) அழுக்கு படிகிறது. இந்த எண்களை வரைபடமாக்கி இயந்திரத்தின் அருகே எல்லோர் கண்ணிலும் படும்படி வையுங்கள். சோதனை தோல்வியுறும் நாளுக்கு வெகுமுன்பே பழுதைப் பிடித்துவிடலாம்.

மிக அதிகமான தரவு வீணாவது காம்பென்சேஷனில், அதாவது ஒரு சாயத்தின் ஒளி மற்றொன்றின் டிடெக்டரில் கசிவதைக் கழிக்கும் கணக்கில். பழைய டெம்ப்ளேட்டைத் திறந்து, வோல்டேஜை மட்டும் கொஞ்சம் மாற்றிக்கொண்டு, பழைய மேட்ரிக்ஸையே (கசிவு அளவுகளின் அட்டவணை) வைத்துக்கொள்கிறார்கள். வோல்டேஜ் மாறினால் அந்த மேட்ரிக்ஸ் செல்லாது. ஒற்றைச் சாயக் கண்ட்ரோல்களை (ஒரே ஒரு சாயம் ஏற்றிய ஒப்பீட்டு மாதிரிகள்) அதே வோல்டேஜில், அன்றே ஓட்ட வேண்டும். கண்ட்ரோல் குறைந்தது மாதிரியளவுக்காவது பிரகாசமாக இருக்க வேண்டும். அதன் பாசிட்டிவ் (சாயம் ஏற்ற பகுதி), நெகட்டிவ் (ஏற்காத பகுதி) இரண்டுக்கும் தன்னொளிர்வு (சாயமின்றியே வரும் ஒளி) ஒன்றாக இருக்க வேண்டும். சாயமும் அதே சாயமாக இருக்க வேண்டும்: ஒளிரும் புரதமான ஜிஎஃப்பிக்குப் பதில், அதைப் போலவே பச்சையாக ஒளிரும் எஃப்ஐடிசி சாயத்தை வைத்தால் கணக்கு தவறும். பிஇ-சை7 போன்ற, இரண்டு சாயங்களை இணைத்த டேண்டம் சாயங்களில் கூடுதல் கவனம் வேண்டும். வெளிச்சமும் ஃபிக்சேஷனும் (செல்களை வேதிப்பொருளால் நிலைப்படுத்துவது) அவற்றைச் சிதைக்கும். சிதைந்தால் பிஇ டிடெக்டரில் பொய்யான சிக்னல் வரும். ஆகவே மாதிரியில் சேர்த்த அதே குப்பியிலிருந்து, அதே நேரம் ஃபிக்ஸ் செய்த கண்ட்ரோல் தேவை. இந்தச் சாயங்கள் இணைந்த ஆன்டிபாடிகளை ஃப்ரீசரில் வைக்கவே கூடாது.

பாசிட்டிவ் எங்கே தொடங்குகிறது என்று கோடு போட ஐசோடைப்பை (இலக்கு எதையும் பிடிக்காத ஒப்பீட்டு ஆன்டிபாடி) நம்புவதும் பழைய பழக்கம். பல நிறப் பேனலில் அந்த எல்லையைக் காட்டுவது எஃப்எம்ஓ கண்ட்ரோல்தான், அதாவது ஒரு சாயத்தை மட்டும் விட்டு மற்றவை எல்லாம் சேர்த்த மாதிரிதான். இறந்த செல் சாயத்தையும் ஒட்டிய இரட்டைச் செல்களை விலக்கும் கேட்டையும் (தரவில் வரையும் எல்லை) பயிற்சியின் முதல் நாளிலேயே கட்டாயமாக்குங்கள்.

சார்ட்டர் (செல்களை வகை பிரித்துச் சேகரிக்கும் சைட்டோமீட்டர்) அடைபடுவதற்குப் பெரும்பாலும் காரணம் மாதிரிதான். செல்லின் விட்டம் நாசில் (மாதிரி வெளிவரும் துளை) விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது: லிம்போசைட்டுக்கு 70 மைக்ரோமீட்டர் போதும், பெரிய செல்களுக்கு 100. ஓட்டுவதற்குச் சற்று முன்பு 35 அல்லது 40 மைக்ரோமீட்டர் வலையில் வடிகட்டச் சொல்லுங்கள். காலையில் வடிகட்டியது மதியத்துக்குள் மறுபடி கட்டியாகிவிடும். பஃபரில் 2 மில்லிமோலார் இடிடிஏ கட்டியைத் தடுக்கும். ஆனால் கட்டியாக்கும் டிஎன்ஏவை வெட்டும் டிஎன்ஏஸ் நொதி வேலை செய்ய மக்னீசியம் வேண்டும், இடிடிஏ அதைப் பிடித்துக்கொள்ளும், அதனால் இரண்டையும் ஒரே பஃபரில் போடுவது வீண்.

ஃபிக்ஸ் செய்யாத மனித மாதிரி ஓடும்போது அடைப்பு நேர்ந்தால், உடனே சார்ட்டரின் கதவைத் திறப்பது ஆபத்தான தவறு. முதலில் அழுத்தத்தை நிறுத்த வேண்டும். ஏரோசால் (காற்றில் மிதக்கும் நுண்துளிகள்) உறிஞ்சி சார்ட்டரின் உள்ளறையைச் சுத்தப்படுத்தும் வரை காத்திருந்து, அதன் பிறகே திறக்க வேண்டும். உறிஞ்சி உண்மையில் பிடிக்கிறதா என்பதை ஒளிரும் துகள்களைக் கொண்டு குறித்த இடைவெளியில் சோதியுங்கள்.

முன்பதிவு நேரத்தில் கழுவும் நேரமும் அடங்க வேண்டும். இல்லாவிட்டால் எல்லோரும் அதைத்தான் விட்டுக்கொடுப்பார்கள். நாளின் கடைசி ஆள் பதிவை ரத்து செய்தால், இயந்திரத்தை அணைக்கும் பொறுப்பு அவருக்கு முந்தையவருக்குத் தானாகச் செய்தியாகப் போகும்படி அமைத்துவிடுங்கள். தரவை யுஎஸ்பியில் எடுத்துப் போக விடாதீர்கள், வைரஸ் வரும் வழி அதுதான். பிடிஎஃப் படங்கள் போதாது. கண்ட்ரோல்கள் உட்பட மூல எஃப்சிஎஸ் கோப்புகள் அன்றிரவே சர்வருக்குப் போய்ச் சேர வேண்டும்.