கியாந்தி குன்றுகளில் சைக்கிள்: கிலோமீட்டரை நம்பிக் கெட்ட கதை

இத்தாலியில் ஃப்ளோரன்ஸ் நகருக்கும் சியெனாவுக்கும் இடையே கியாந்தி என்ற மலைப்பகுதி இருக்கிறது. திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே வெள்ளைச் சரளைச் சாலைகள் வளைந்து வளைந்து ஓடும் இடம். அங்கே சைக்கிளில் சுற்றக் கிளம்புகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, விமானம் ஏறுவதற்கு முன்பே, வீட்டு மேசையில் வரைபடத்தை விரிக்கும்போதே நடந்துவிடுகிறது. “ஒரு நாளைக்கு 80 கிலோமீட்டர், ஐந்து நாளில் 400” என்று எழுதிவைத்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் எழுதினேன். இரண்டாம் நாள் மதியமே அந்தத் தாளை மடித்துப் பையின் அடியில் போட்டுவிட்டேன்.

அங்கே எண்ண வேண்டிய கணக்கு ஏற்றம். கையோலே என்ற சிற்றூரில் தொடங்கி அங்கேயே முடியும் லெரோய்கா பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தச் சரளைச் சாலைகள் தாருக்கு இரையாகிவிடக் கூடாது என்று ஜியான்கார்லோ புரோச்சி 1997இல் தொடங்கிய, பழங்காலச் சைக்கிள்களில் போகும் ஓட்டத்தின் வழி அது. இப்போது ஆண்டு முழுவதும் வழிகாட்டிப் பலகைகளோடு இருக்கிறது. நீளம் 209 கிலோமீட்டர், அதில் ஏறத்தாழப் பாதி சரளை. ஏற்றங்களை மட்டும் கூட்டினால் 3,500 மீட்டருக்கு மேல் வரும். ஒரே பெரிய மலை என்றால் மனம் அதற்குத் தயாராகிவிடும். இங்கே அறுபது மீட்டர் ஏறி, ஐம்பது இறங்கி, மறுபடி எண்பது ஏறி என்று நாள் முழுக்க நடக்கும். இறக்கத்தில் இளைப்பாறலாம் என்றால் அதுவும் முடியாது. உதிரிக்கல்லில் இறங்கும்போது கைகள் பிரேக்கைப் பிடித்தபடியே இருக்கும். 50 கிலோமீட்டரும் 900 மீட்டர் ஏற்றமும் இருந்தால் அது ஒரு முழு நாள். அதற்கு மேல் திட்டமிடுகிறவர் ஊரைப் பார்க்க வரவில்லை என்றே நான் நினைப்பேன்.

இன்னொன்றும் இதோடு சேர்ந்து வருகிறது. பகைவருக்கு அஞ்சிய இடைக்கால மக்கள் ஊர்களைக் குன்றின் தலையில் கட்டிவைத்துவிட்டுப் போய்விட்டார்கள். ராடா, காஸ்டெல்லீனா, தெற்கே மோந்தல்சீனோ எல்லாம் 500 மீட்டருக்கு மேல். ஆகவே சாப்பாடும் படுக்கையும் எப்போதும் ஏற்றத்தின் உச்சியில்தான். பண்ணை வீட்டில் அறை எடுத்திருந்தால், சாலையிலிருந்து அந்த வீட்டுக்குப் போகும் கடைசிச் சரளைத் துண்டு எவ்வளவு செங்குத்து என்று முன்பே கேட்டுவைப்பது நல்லது. மாலை ஆறு மணிக்குக் கால்கள் கேட்கும் கேள்வி அது.

அடுத்தது கியர். எனக்கு வாடகைக்குக் கொடுத்த சைக்கிள் பார்க்க அழகாக இருந்தது. ஆனால் முன்னால் சின்னப் பல்சக்கரத்தில் 34 பல், பின்னால் பெரியதில் 28 பல். அதாவது மிதியை ஒரு சுற்று சுற்றினால் பின்சக்கரம் ஒரு சுற்றுக்கும் மேலே, 1.2 சுற்று சுற்றும். தார்ச்சாலையில் இது போதும். ஏற்றம் கடுத்தால் இருக்கையிலிருந்து எழுந்து நின்று மிதித்துவிடலாம். சரளையில் எழுந்து நின்றால் உடல் எடை முன்னால் போய்விடும், பின்சக்கரம் பிடிமானம் இழந்து நின்ற இடத்திலேயே கல்லை வாரி இறைக்கும். உட்கார்ந்தபடியேதான் ஏறியாக வேண்டும். உட்கார்ந்து 15 சதவீத ஏற்றத்தில் மிதிப்பதற்கு ஒன்றுக்குக் கீழே போகும் கியர் தேவை: முன்னால் 30 பல் என்றால் பின்னால் 34, முடிந்தால் இன்னும் பெரியது. சியெனாவுக்கு அருகே 2007 முதல் நடக்கும் ஸ்ட்ராடே பியாங்கே பந்தயத்தின் வீரர்கள் இதைவிடக் கடினமான கியரில் ஏறுகிறார்களே என்று ஒருவர் என்னிடம் வாதம் செய்தார். அவர்கள் ஏறுவார்கள். நாம் தள்ளிக்கொண்டு நடப்போம்.

டயர் 40 மில்லிமீட்டர் அகலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். கல்லைப் போல இறுகக் காற்றடித்துக்கொண்டு போவது இன்னொரு பழக்கப்பிழை. டியூப் இல்லாத டயர் என்றால், 70 கிலோ எடையுள்ளவருக்கு 30 முதல் 35 பி.எஸ்.ஐ. போதும். டயர் கல்லின்மேல் கொஞ்சம் அமுங்கிப் போக வேண்டும். துள்ளிப் போனால் பிடிமானமும் போகும், முதுகும் போகும்.

பிரேக் விஷயத்தில் நம்மவர்களுக்கென்றே ஒரு குழி காத்திருக்கிறது. இந்தியாவில் வலக்கை முன்பிரேக். ஸ்கூட்டர் ஓட்டி ஓட்டிக் கைக்கு அது ஊறிவிட்டது. ஐரோப்பிய வாடகைக் கடைகளில் பெரும்பாலும் இடக்கைதான் முன்பிரேக். முதல் இறக்கத்தில் ஒரு வளைவில் மண் குவிந்து கிடந்தது. பின்பிரேக் என்று நம்பி இடக்கையை இறுக்கினேன். முன்சக்கரம் நின்றது, நான் நிற்கவில்லை. முழங்கையில் பதிந்த சுண்ணாம்புக்கல் துணுக்குகளை அன்றிரவு ஊசியால் ஒவ்வொன்றாக எடுத்தேன். கடையிலிருந்து வண்டியை வெளியே தள்ளும் முன் முன்சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றி, எந்தக் கை நிறுத்துகிறது என்று பார்க்க அரை நிமிடம் ஆகாது. வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துக்கொள்ளுங்கள். வளைவுக்குள் போனபின் பிரேக்கைத் தொடாதீர்கள். அங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஆளில்லாத சரளைச் சாலையில் ஒரு மணிநேரம் போனபின் எதிரே கார் வந்தால் உடல் தானாக இடப்பக்கம் ஒதுங்கும், அதைக் கவனியுங்கள்.

மழைக்கு மறுநாள் எங்கே போவது என்பதையும் மண்தான் தீர்மானிக்கிறது. கியாந்தியின் மண்ணில் கல் அதிகம், தண்ணீர் வடிந்துவிடும். சியெனாவுக்குத் தென்கிழக்கே இருக்கும் கிரேத்தே செனேசி வேறு உலகம். ஒருகாலத்தில் கடலடியில் படிந்த களிமண் அது. நனைந்தால் டயரில் அப்பி, சட்டத்துக்கும் சக்கரத்துக்கும் இடையே இட்லி மாவைப் போல நிரம்பி, சக்கரத்தைச் சுற்றவே விடாது. ஸ்ட்ராடே பியாங்கே பந்தயத்தில் புகழ்பெற்ற, 11.5 கிலோமீட்டர் நீளமுள்ள மோன்தே சான்தே மாரியே சரளைப் பகுதி அங்கேதான் இருக்கிறது. ஆசைதான், காயட்டும், மறுநாள் போகலாம்.

கோடையில் போகிறவர்களிடம் “35 டிகிரி எல்லாம் சென்னைக்காரனுக்கு வெயிலா” என்ற மிதப்பு இருக்கும். கடலோரப் புழுக்கத்தில் வியர்வை வழிவது தெரியும். கியாந்தி அடங்கிய டஸ்கனி மாநிலத்தின் வறண்ட காற்றில் அது சட்டையை நனைக்கும் முன்பே உலர்ந்துவிடும். எவ்வளவு நீர் போனது என்பது தலைவலி வந்தபின்தான் தெரியும். ஊர்ச் சதுக்கங்களில் குழாய்கள் உண்டு. “நோன் போட்டாபிலே” என்று எழுதியிருந்தால் அது குடிநீர் அல்ல. மளிகைக் கடைகள் மதியம் ஒரு மணிக்குக் கதவைச் சாத்தினால் பெரும்பாலும் நான்கு மணிக்குத்தான் திறக்கும். ஒன்றரைக்கு மூச்சு வாங்க ஊருக்குள் ஏறி, இறக்கிவிட்ட ஷட்டரைப் பார்த்தபடி ஒரு வாழைப்பழத்தை இரண்டாகப் பங்கிட்ட அனுபவம் எங்களுக்கு உண்டு. பன்னிரண்டரைக்குள் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் பையில் ஏறிவிட வேண்டும்.

செப்டம்பர், அக்டோபரில் திராட்சை அறுவடை நடக்கும். குறுகிய பாதையில் டிராக்டர் வந்தால் இறங்கி நின்று வழிவிடுங்கள். செப்டம்பர் மூன்றாம் ஞாயிறு முதல் ஜனவரி இறுதிவரை வேட்டைக் காலமும் உண்டு. செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் நாடு முழுக்க வேட்டைக்குத் தடை. காட்டுப் பாதைகளை அந்த நாட்களுக்கு வைத்துக்கொள்ளலாம். மற்ற நாட்களில் பளிச்சென்ற நிறத்தில் சட்டை போடுங்கள்.

கடைசியாக ஒயின். இத்தாலியில் ஒரு லிட்டர் இரத்தத்துக்கு 0.5 கிராம் ஆல்கஹால் என்ற வரம்பு சைக்கிள்காரருக்கும் பொருந்தும். சட்டத்தை விடுங்கள், சாஞ்ஜோவேசே திராட்சையின் ஒயின் நான்கு கோப்பை உள்ளே போனபின் சரளை இறக்கம் என்பது வெறும் முட்டாள்தனம். சுவைத்துவிட்டுத் துப்புவதற்கென்று பாத்திரம் வைத்திருப்பார்கள். துப்பினால் யாரும் தவறாக நினைப்பதில்லை. அல்லது அன்றைய ஓட்டம் முடியும் இடத்தில் சுவையுங்கள். பல தோட்டங்களில் முன்பதிவு செய்யாமல் போனால் வாசலோடு திரும்ப வேண்டியிருக்கும். பிடித்துப்போனது என்று புட்டியை வாங்கிப் பையில் திணிக்காதீர்கள். நிறைந்த புட்டி ஒன்று ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும். நான் இரண்டு வாங்கினேன். துணியில் சுற்றி, மூன்று குன்றுகள் ஏற்றி இறக்கி, ஒவ்வொரு குழியிலும் நெஞ்சு படபடக்க சியெனா போய்ச் சேர்ந்தேன். ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் ஒரு கடை. கண்ணாடிக்குப் பின்னால் அதே புட்டி, கியாந்தி கிளாசிக்கோ ஒயினுக்கே உரிய அதே கருஞ்சேவல் முத்திரை, அதே பெயர், அரை யூரோ குறைவாக.