படத்தில் வரும் பின்பக்கச் சத்தம் கேமில் ஏன் வரவில்லை?

படம் ஓடும்போது ஆறு ஸ்பீக்கரும் பேசும். அதே கணினியில் கேமைத் திறந்தால் முன்னால் உள்ள இரண்டு மட்டும். பலரும் கேமைத்தான் திட்டுவார்கள். பெரும்பாலும் கோளாறு ஆப்டிக்கல் கேபிளில் இருக்கும். பிசிஎம் எனப்படும் சுருக்காத டிஜிட்டல் ஒலி அதில் இரண்டு சேனலுக்கு (தனித்தனி ஒலித்தடங்களுக்கு) மேல் போகாது. படத்தின் 5.1 ஒலி (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) ஏற்கெனவே டால்பி டிஜிட்டலாகவோ டிடிஎஸ்ஸாகவோ சுருக்கப்பட்டிருப்பதால் ஸ்பீக்கர்களை இயக்கும் பெட்டியான ரிசீவருக்கு அப்படியே போய்விடுகிறது. கேமின் ஒலியோ நீங்கள் திரும்பும் திசைக்கேற்ப அந்தக் கணத்தில் உருவாவது; முன்கூட்டியே சுருக்கப்பட்டிருக்காது. ஆப்டிக்கலை விட முடியாதென்றால் கேமின் ஒலியை உடனுக்குடன் சுருக்கி அனுப்பும் டால்பி டிஜிட்டல் லைவ் அல்லது டிடிஎஸ் கனெக்ட் உள்ள சவுண்ட் கார்டு தேவை. சற்றுத் தாமதமும் சேரும். எச்டிஎம்ஐ என்றால் 8 சேனல் பிசிஎம் வரை தாராளமாகப் போகும்.

அதிலும் கணினியை டிவியில் செருகி, டிவியிலிருந்து ரிசீவருக்கு இழுப்பது தவறு. பல டிவிகள் தமக்கு இரண்டு சேனல்தான் என்று கணினிக்குச் சொல்லிவிடும். டிவியின் ஒலியை எச்டிஎம்ஐ வழியே ரிசீவருக்கு அனுப்பும் சாதாரண ஏஆர்சியில் பல சேனல் பிசிஎம் போகாது, அதன் மேம்பட்ட வடிவமான இஏஆர்சி வேண்டும். கிராபிக்ஸ் கார்டிலிருந்து ரிசீவர், அங்கிருந்து டிவி என்று மாற்றுங்கள்.

விண்டோஸ் 11-இல் சவுண்ட் செட்டிங்ஸ், மோர் சவுண்ட் செட்டிங்ஸ், பிளேபேக், கான்ஃபிகர் என்று போய் 5.1-ஐத் தேர்ந்து டெஸ்ட் அழுத்துங்கள். பட்டியலிலேயே 5.1 இல்லையென்றால் டிரைவரை நோண்டுமுன் கேபிளையும் டிவியையும் பாருங்கள். இருப்பது 5.1 செட் என்றால் இன்னும் இரண்டு ஸ்பீக்கர் கேட்கும் 7.1-ஐத் தொடாதீர்கள்; இல்லாத ஸ்பீக்கருக்குப் போகும் காலடிச் சத்தம் காணாமல் போகலாம். மாற்றியபின் கேமை மூடித் திறக்க வேண்டும். பல கேம்கள் சேனல் எண்ணிக்கையைத் தொடங்கும்போது மட்டுமே கேட்கும்.

பிறகு கேமுக்குள் ஓடும் ஜெனரேட்டர் போன்ற ஒன்றின் எதிரே நின்று மவுஸால் மெதுவாக வலப்பக்கம் சுற்றுங்கள். சத்தம் இடது முன், இடது பின், வலது பின், வலது முன் என்று நகர்ந்து திரும்பி வர வேண்டும். பாத்திரங்களின் பேச்சு சப்வூஃபரில் முனகினால் சென்டரும் சப்பும் இடம் மாறியிருக்கின்றன. ஸ்பீக்கர்களை வண்ண ஜாக்குகளில் நேராகச் செருகும்போது ஆரஞ்சு ஜாக் இரண்டுக்கும் பொது என்பதால் வரும் வினை. டிரைவர் அமைப்பில் மாற்றலாம்.

ஹெட்ஃபோன்காரர்கள் செய்யும் தவறு வேறு: கேமின் எச்ஆர்டிஎஃப் (இரு காதுகளுக்குள்ளேயே திசையை உணரவைக்கும் முறை), அதற்கு மேல் விண்டோஸில் அதே வேலை செய்யும் விண்டோஸ் சோனிக், அதற்கும் மேல் ஹெட்செட்டின் செயற்கை 7.1. ஒன்றின் மேல் ஒன்று ஏறினால் திசை குழம்பும், ஒலி குகைக்குள் கேட்பதுபோல் ஆகும். கேமிலேயே எச்ஆர்டிஎஃப் இருந்தால் அதை மட்டும் வைத்து மற்றதை அணையுங்கள்.

பழைய கேம்களின் கதை தனி. 2007-இல் வந்த விண்டோஸ் விஸ்டாவோடு சவுண்ட் கார்டே திசை ஒலியை உருவாக்க உதவிய டைரக்ட்சவுண்ட் 3டி வன்பொருள் வசதி போய்விட்டதால், கேமில் எதிரொலி போன்ற சூழல் ஒலிகளைத் தரும் இஏஎக்ஸ் தேர்வு மங்கிக் கிடக்கும். அந்த வசதியை மென்பொருளாலேயே தரும் டிஎஸ்ஓஏஎல் (DSOAL) கோப்புகளை கேமைத் தொடங்கும் எக்ஸ்இ (.exe) கோப்பு இருக்கும் அதே ஃபோல்டரில் போட்டால் பல கேம்களில் அது திரும்பவும் தெரியும்.