பண்ணவாடி நந்தித் திட்டுக்கு நண்பர்களோடு படகில் செல்வது எப்படி

சேலத்திலிருந்து நண்பர்களோடு ஒரே நாளில் போய்வரக்கூடிய படகுப் பயணம் என்றதும் பெரும்பாலோர் ஏற்காடு ஏரியைத்தான் நினைக்கிறார்கள். அதைவிடப் பரந்த நீர்வெளியும் நடுவே ஒரு திட்டும் வேண்டுமென்றால், மேட்டூர் அணையின் நீர்த்தேக்கப் பகுதியில், கொளத்தூரை அடுத்துள்ள பண்ணவாடிக்குச் செல்ல வேண்டும். 1934ஆம் ஆண்டு அணை கட்டி முடிக்கப்பட்டபோது நீரில் மூழ்கிய ஊர்களின் அடையாளங்களாக ஜலகண்டேஸ்வரர் கோயிலின் நந்தியும் ஒரு பழைய தேவாலயத்தின் கோபுரமும் அங்கே தண்ணீருக்குள் இருக்கின்றன. நீர்மட்டம் இறங்கும் காலத்தில் அவை வெளியே வருகின்றன.

ஆகவே இந்தப் பயணத்தின் நாளை முடிவு செய்ய வேண்டியது அணையின் நீர்மட்டத்தைப் பார்த்துத்தான். எல்லோருக்கும் விடுமுறை கிடைக்கும் ஞாயிற்றுக்கிழமையை முதலில் குறித்துவிட்டுப் பிறகு நீர்மட்டத்தை விசாரிக்கும் குழுக்கள் ஏமாந்து திரும்புவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மேட்டூர் அணையின் நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம் ஆகியவை நாள்தோறும் செய்தித்தாள்களில் வெளியாகின்றன. பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பிருந்தே இவற்றைக் குறித்து வாருங்கள். அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 120 அடி. ஏறத்தாழ 80 அடிக்குக் கீழே இறங்கும்போது தேவாலயக் கோபுரத்தின் உச்சி தெரியத் தொடங்கும்; 70 அடியை ஒட்டி நந்தியின் தலை வெளிப்படும். அதற்கும் சற்றுக் கீழே, சுற்றிலும் தண்ணீர் நிற்க நந்தி மட்டும் தீவுபோல் தனித்திருக்கும் நாட்களே படகில் செல்ல மிகவும் உகந்தவை என்பது என் கருத்து. மட்டம் அதைவிட வெகுவாக இறங்கிவிட்டால் நந்தியைச் சுற்றித் தரை தென்பட்டு, படகுக்கு வேலையில்லாமல் போய்விடும்.

டெல்டா பாசனத்துக்கு ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை தண்ணீர் திறப்பது வழக்கம் என்பதால், மழை பொய்த்த ஆண்டுகளில் மட்டம் விரைவாக இறங்கும். குடகிலும் வயநாட்டிலும் தென்மேற்குப் பருவமழை வலுத்தால் சில நாட்களிலேயே ஏறிவிடும். 2023 அக்டோபரில் 30 அடியளவுக்கு இறங்கியிருந்த அணை, 2024 ஜூலை 30 அன்று 120 அடியை எட்டி நிரம்பியது. அதனால் கிளம்புவதற்கு முந்தைய நாள் நீர்வரத்தையும் பாருங்கள். அது திடீரென உயர்ந்திருந்தால் பயணத்தைத் தயங்காமல் தள்ளி வையுங்கள். அணை நிரம்பியிருக்கும் மாதங்களில் நந்தியைக் காண முடியாவிட்டாலும், பண்ணவாடியிலிருந்து எதிர்க்கரையில் தருமபுரி மாவட்டத்தில் உள்ள நாகமரைக்குச் செல்லும் விசைப்படகுப் பயணம் தன்னளவிலேயே நிறைவானது.

சேலத்திலிருந்து மேட்டூர் வழியாகக் கொளத்தூர் சென்று அங்கிருந்து பண்ணவாடியை அடையலாம். விடியற்காலையிலேயே கிளம்பிவிடுவது நல்லது; வெயிலும் காற்றும் ஏறுவதற்குள் தண்ணீரில் இருக்க வேண்டும். தட்டுவடை செட் கொண்டுபோக விரும்புவோர் தட்டுவடையை ஒரு டப்பாவிலும், துருவிய கேரட், பீட்ரூட், வெங்காயத்தை மற்றொன்றிலும், சட்னிகளைத் தனித்தனிப் பாத்திரங்களிலும் எடுத்துச் சென்று, கரையில் அமர்ந்த பிறகே சேர்த்துக்கொள்ள வேண்டும். சேலத்திலேயே சேர்த்து எடுத்துச் சென்றால் மேட்டூர் வருவதற்குள் நமத்துவிடும்.

படகுத் துறை ஓரிடத்தில் நிலையாக இருப்பதில்லை. தண்ணீர் பின்வாங்கப் பின்வாங்கத் துறையும் உள்ளே நகர்வதால், வெடித்த வண்டல் மண்ணில் கணிசமான தூரம் நடக்க வேண்டியிருக்கும். வெளிப்பட்ட நிலத்தில் உழவர்கள் பயிர் வைத்திருப்பார்கள். பயிருக்குள் இறங்காமல் ஒற்றையடிப் பாதையிலேயே செல்லுங்கள். படகில் ஊர்மக்களுக்கு முதலில் இடம் விடுங்கள், ஏனெனில் நமக்கு உல்லாசமாக இருப்பது இருசக்கர வாகனத்தோடும் மூட்டைகளோடும் வரும் அவர்களுக்கு அன்றாடப் போக்குவரத்து. நந்தித் திட்டுவரை தனியாகச் செல்ல வேண்டுமானால், ஆளுக்கு இவ்வளவா, படகுக்கு இவ்வளவா, அங்கே எவ்வளவு நேரம் காத்திருப்பார்கள் என்பதையெல்லாம் ஏறுவதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள். பணத்தை ஒருவரிடம் கொடுத்து வைத்தால் துறையில் குழப்பம் வராது.

பாதுகாப்பில் எந்தச் சமரசமும் கூடாது. நீந்தத் தெரிந்தவர் உட்பட அனைவரும் லைஃப் ஜாக்கெட் அணிய வேண்டும். துறையில் போதுமான அளவு இல்லையென்றால், இருப்பதற்கேற்பக் குழுவைப் பிரித்து இரண்டு நடையாகச் செல்லுங்கள். ஒருமுறை எங்கள் குழுவில் நால்வர் புகைப்படம் எடுப்பதற்காக ஒரே பக்கம் எழுந்து நின்றார்கள். படகு சாய்ந்த அந்த ஒரு கணத்தில் படகோட்டி அண்ணன் அதட்டியிராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைக்கவே இன்றும் நடுக்கமாக இருக்கிறது. ஆடி மாதக் காற்றில் அலை பெரிதாக எழும். படகோட்டி வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். குளிக்க இறங்கவும் வேண்டாம்: அடியில் வண்டல் காலைப் பிடிக்கும், காவிரியின் இப்பகுதியில் முதலைகளும் உண்டு.

திட்டில் இறங்கியதும் காலணிகளைக் கழற்றிவிடுங்கள். இறைவனை வணங்க வருபவர்களுக்கு அது இன்றும் கோயில்தான். நந்தியின் மேல் ஏறி அமர்ந்து படம் எடுப்பது அவர்களைப் புண்படுத்தும். அவசரப்படாமல் சிறிது நேரம் அங்கே உட்கார்ந்து, பாலமலைப் பக்கமும் நீர்வெளியும் பார்த்துவிட்டு, மதியக் காற்று எழுவதற்குள் கரை திரும்பிவிடுங்கள். அணை மீன் வாங்கும் எண்ணம் இருந்தால் ஐஸ் பெட்டியை வண்டியிலேயே வைத்திருங்கள்; சேலம் வந்து சேரும்வரை மீன் கெடாது.