பழைய மொறிஸ் மைனருக்கு எந்தப் பெற்றோல் பில்டர்?

திருகோணமலை உப்புவெளியில் மொறிஸ் மைனர் கார் வைத்திருக்கிறேன். கண்ணாடி பில்டரை மட்டும் பூட்டிவிடாதீர்கள். பார்க்க வடிவுதான், உள்ளே சேரும் துருவும் தெரியும். ஆனால் குலுக்கத்தில் மூடியின் புரி தளரும், ரப்பர் வளையம் காயும், பெற்றோல் கசியும். இந்த எஞ்சினில் காபரேற்றருக்கு (பெற்றோலையும் காற்றையும் கலக்கும் பகுதி) கீழேதான் எக்ஸோஸ்ட் மனிபோல்ட், அதாவது புகை வெளியேறும் சூடான குழாய்; கசிவு அதில் பட்டால் தீப்பிடிக்கலாம். ஒருநாள் நிலாவெளி வீதியில் பெற்றோல் மணத்தது. பொனற்றைத் திறக்கையில் கை நடுங்கியது. அன்றே கழற்றினேன்.

தகர உடலோடு, திறக்கமுடியாதபடி மூடியதை வாங்குங்கள். பில்டரின் 6 மில்லிமீற்றர் முனையில் 8 மில்லிமீற்றர் ஹோஸை (ரப்பர் குழாயை) கிளிப்பால் நெரித்துச் சமாளிக்கக் கூடாது. பில்டரிலுள்ள அம்புக்குறி பெற்றோல் ஓடும் பக்கம், அதாவது காபரேற்றரை நோக்கி. கிளிப் துருப்பிடிக்காத எஃகு. எங்கள் கடற்காற்றுக்கு வேறெதுவும் நிற்காது. எஞ்சினை ஓடவிட்டு நிறுத்தி, மூட்டுகளை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் காரை ஓட்டாதீர்கள்.