பள்ளிக்கூட லேப்டாப் வீட்டுக்கு வந்தால் என்ன செய்யணும்?

“ஏனுங்க, பையனுக்கு ஸ்கூல்ல லேப்டாப் குடுத்திருக்காங்க. வீட்ல அவன் என்ன பண்றான்னு அவங்களுக்குத் தெரியுமுங்களா?” ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்ததும் கோபியில் இருக்கிற என் சர்வீஸ் கடைக்கு வருகிற பெற்றோர் கேட்பது இது. தெரிய வாய்ப்பு நிறைய இருக்குதுங்க. கடை போடுவதற்கு முன்னால் நாமக்கல் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் அட்மின் வேலை, அதாவது பள்ளிக் கம்ப்யூட்டர்களை நிர்வகிக்கிற வேலை, பார்த்தேன். எந்தப் பிள்ளை எந்த நேரத்தில் எந்தப் பக்கத்தைத் திறந்தது என்பது என் திரையில் வரிசையாக வரும். அந்த இடத்தில் உட்கார்ந்திருந்ததால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், அது யாருடைய லேப்டாப் என்று தெளிவாக்கிக்கொள்ளுங்க. 2011-இல் தொடங்கிய அரசு விலையில்லா லேப்டாப் திட்டத்தில் வாங்கியது என்றால் அது பிள்ளைக்கே சொந்தம். தனியார் பள்ளி கொடுத்து, படிப்பு முடிந்ததும் திருப்பிக் கேட்பது என்றால் அது பள்ளியின் சொத்து. கீழே சொல்வதெல்லாம் இந்த இரண்டாவது வகைக்குத்தான்.

விண்டோஸ் என்றால் செட்டிங்ஸ், அதில் அக்கவுன்ட்ஸ், அதில் ‘ஆக்சஸ் ஒர்க் ஆர் ஸ்கூல்’ என்பதைத் திறங்க. பள்ளியின் பெயர் அங்கே இருந்தால் கட்டுப்பாடு அவர்கள் கையில். குரோம் பிரவுசரில் வலது மேல் மூலையில் இருக்கும் மூன்று புள்ளியை அமுக்கினால், ‘மேனேஜ்டு பை’ என்று ஒரு வரி வரும். அதைத் தொட்டால் பள்ளி எதையெல்லாம் பார்க்க முடியும் என்கிற விவரம் திறக்கும். குரோம்புக்கிலும் (விண்டோஸுக்குப் பதில் கூகுளின் குரோம் ஓஎஸ் ஓடும் லேப்டாப்) இதே பக்கம் உண்டு. எக்ஸ்டென்ஷன், அதாவது பிரவுசரில் சேர்க்கிற துணை நிரல்களின் பட்டியலையும் பாருங்க. உங்களால் நீக்க முடியாதது ஏதாவது இருந்தால் அது அட்மின் போட்டது. எங்கேயும் ஒன்றும் தெரியவில்லை என்பதற்காக நிம்மதி ஆகிவிட வேண்டாம். தனியாக நிறுவிய கண்காணிப்பு சாஃப்ட்வேர் இந்த இடங்களில் தெரியாமலும் இருக்கும்.

இன்காக்னிட்டோவில் (பார்த்ததை பிரவுசர் வரலாற்றில் சேமிக்காத ஜன்னல்) போனால் தெரியாது என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். வீட்டு வைஃபையில் போட்டால் தெரியாது என்று அப்பாக்கள் நம்புகிறார்கள். கவனிக்கிற சாஃப்ட்வேர் மெஷினுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும்போது இரண்டுமே காப்பாற்றாது. இணையப் போக்குவரத்தை மறைக்கிற விபிஎன் போட்டு ஏமாற்றவும் பார்க்காதீங்க. அதைப் போட்டதே ரிப்போர்ட்டில் வரும், பிள்ளைதான் மாட்டும்.

ஆகவே வீட்டு விஷயம் எதுவும் அதில் ஏறக்கூடாது. நம்ம பக்கம் பல வீட்டில் அந்த லேப்டாப்தான் ஒரே கம்ப்யூட்டர். திருப்பூரில் பனியன் யூனிட் வைத்திருக்கிற அப்பா அதிலேயே ஜிஎஸ்டி தாக்கல் செய்கிறார், அம்மா நெட் பேங்கிங் பார்க்கிறார், ஆதார் பிடிஎஃப் டவுன்லோடில் கிடக்கிறது. பாஸ்வேர்டைச் ‘சேவ்’ கொடுத்தால் அது போய்ச் சேருவது பள்ளிக் கணக்கில். ஏற்கெனவே செய்திருந்தால் சேமித்ததை அழித்துவிட்டு, பாஸ்வேர்டை வேறு கருவியிலிருந்து மாற்றுங்க. வாட்ஸ்அப் வெப் திறந்திருந்தால் போனில் ‘லிங்க்டு டிவைசஸ்’ போய் வெளியேற்றுங்க. பள்ளி மெயில் ஐடியை உங்கள் போனில் சேர்க்கும்போது ‘டிவைஸ் பாலிசி’ (போனைப் பள்ளி கட்டுப்படுத்த அனுமதி) கேட்டால் நிறுத்திக்கொள்ளுங்க. சில அமைப்புகளில் அது போனையே தூரத்திலிருந்து அழிக்கும் அதிகாரம் வரைக்கும் போகும்.

கேமராவுக்கு ஒரு ஸ்டிக்கர் பொட்டு போதும். கனமான மூடி வாங்கி ஒட்டினால் மடக்கும்போது திரை உடையலாம். பொட்டு குரலைத் தடுக்காது என்பதால், படித்து முடித்ததும் ஷட்டவுன் செய்து படுக்கையறைக்கு வெளியே வைத்துவிடுங்க. இது வீண் பயமில்லைங்க. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் லோயர் மெரியன் என்கிற பள்ளி மாவட்டம், களவு போனால் கண்டுபிடிக்க என்று போட்ட சாஃப்ட்வேர் மூலம் பிள்ளைகளின் வீட்டுக்குள்ளேயே படம் எடுத்திருந்தது. ஒரு பையனைக் கூப்பிட்டு, அறையில் எடுத்த படத்தைக் காட்டி, போதை மாத்திரையா என்று விசாரித்தார்கள்; அது மிட்டாய் என்றது குடும்பம். 2010-இல் வழக்கானது. கேமரா படமும் திரைப் படமுமாக 50,000-க்கும் மேல் எடுக்கப்பட்டது தெரியவந்தது. 6,10,000 டாலர் கொடுத்துத்தான் பள்ளி மாவட்டம் சமரசம் செய்தது.

இனி பிள்ளைகளுக்கு. கண்ணு, உடம்பைப் பற்றி, மாதவிடாயைப் பற்றி, மனசில் இருக்கிற பயத்தைப் பற்றி இந்த லேப்டாப்பில் தேடாதே. கேள்வி தப்பு என்பதற்காகச் சொல்லவில்லை. ராத்திரி பதினோரு மணிக்கு நீ தேடியது காலையில் யாரோ ஒருத்தர் திரையில் இருக்கும், அதை உனக்கு யாரும் சொல்லவும் மாட்டார்கள். அம்மா போனில் தேடு, நம்புகிற டீச்சரிடம் நேரில் கேள். யாரிடமும் சொல்ல முடியாத கஷ்டம் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் பேசு. காசில்லை, எந்த நேரமும் எடுப்பார்கள்.

பெற்றோர் செய்ய வேண்டிய முக்கியமான வேலை, பள்ளிக்கு ஒரு கடிதம். பிடிஏ கூட்டத்தில் வாயால் கேட்டால் காற்றோடு போய்விடும். இப்படி எழுதலாம்: “எங்கள் பிள்ளையின் லேப்டாப்பில் எந்த சாஃப்ட்வேர் கண்காணிக்கிறது? பள்ளி நேரம் முடிந்த பிறகும் ஓடுமா? கேமராவையும் மைக்கையும் தூரத்திலிருந்து திறக்க முடியுமா? விவரங்களை யார் பார்க்கிறார்கள், எத்தனை நாள் வைத்திருக்கிறார்கள்? டிசி வாங்கிய பிறகு அழிப்பீர்களா?” சட்டம் கேட்டால் சொல்லுங்க: அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்தது. 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே எல்லோரையும் குழந்தை என்கிறது. அவர்கள் விவரத்தைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. 2025 நவம்பரில் வந்த விதிகள், கல்விக்காகவும் பிள்ளைகளின் பாதுகாப்புக்காகவும் கண்காணிக்கப் பள்ளிகளுக்கு விலக்குக் கொடுத்திருக்கின்றன. முக்கியப் பிரிவுகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசமும் உண்டு. அதனால் மிரட்டுகிற தொனி வேண்டாம். ஆனால் ராத்திரி படுக்கையறையில் என்ன கல்வி நடக்கிறது என்று கேட்க உங்களுக்கு எல்லா நியாயமும் இருக்கிறது.

திருப்பிக் கொடுக்கும் சமயத்தில், பிள்ளையின் புராஜெக்ட், படம் எல்லாவற்றையும் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு, சொந்தக் கணக்குகளில் இருந்து வெளியேறி, சார்ஜரோடு ஒப்படைத்து ரசீது வாங்குங்க. நீங்களே ஃபார்மேட் அடிக்காதீங்க. பல பள்ளிகளில் அதற்கும் பணம் கேட்பார்கள்.