கல்லூரி பேஸ்பால் பயிற்சியாளரின் வாழ்நாள் கணக்கை வாசிப்பது எப்படி?

அமெரிக்கக் கல்லூரி பேஸ்பாலில் முப்பது, நாற்பது ஆண்டுகள் ஒரே அணியோடு இருந்த பயிற்சியாளர்கள் உண்டு. அவர்களைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் "எத்தனை பட்டம் வென்றார்?" என்பதோடு முடிந்துவிடுகிறது. அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளி வையுங்கள். முதலில் ஒரு தாளில் ஆண்டு, கல்லூரி, வெற்றி, தோல்வி, சமன் என்று ஐந்து கட்டங்கள் போடுங்கள். ஒவ்வொரு சீசனுக்கும் ஒரு வரி. ஆறாவதாக, அந்த ஆண்டு அணி ஓமஹா வரை போனதா என்று குறிக்க ஓர் ஓரக்கட்டம். நெப்ராஸ்கா மாநிலத்தின் ஓமஹா நகரில்தான் 1950 முதல், தேசியப் பட்டத்தைத் தீர்மானிக்கும் கல்லூரி உலகத் தொடர் நடக்கிறது.

அடுத்த வேலை வெற்றி விகிதம். சமனான ஆட்டத்தை அரை வெற்றியாகக் கூட்டி, மொத்த ஆட்டங்களால் வகுக்க வேண்டும். பேஸ்பாலில் சமன் அரிது. மழையாலோ, வெளியூர் அணி ஊர் திரும்பும் நேரம் நெருங்கியதாலோ ஆட்டம் பாதியில் நிற்கும்போது வரும். அரிது என்று விட்டுவிட்டால் மூன்றாவது தசமத்தில் கணக்கு பிசகும்.

ஃப்ளோரிடா ஸ்டேட் அணியை 1980 முதல் 2019 வரை நடத்திய மைக் மார்ட்டினுக்கு 2,029 வெற்றி, 736 தோல்வி, 4 சமன். 2,031-ஐ 2,769-ஆல் வகுத்தால் 0.733. தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ராட் டெடோவுக்கு 1942 முதல் 1986 வரை 1,332 வெற்றி, 571 தோல்வி, 11 சமன். அது 0.699.

பலரும் சறுக்கும் இடம் இதற்கு அடுத்ததுதான். வெற்றிகளைச் சீசன்களால் வகுத்துப் பார்த்தால் மார்ட்டினுக்கு ஆண்டுக்கு 50.7, டெடோவுக்கு 29.6 வரும். டெடோ பாதித் திறமைக்காரர் போலத் தோன்றும். ஆனால் ஆடிய ஆட்டங்களையும் அதேபோல் வகுத்துப் பாருங்கள்: மார்ட்டினின் அணி ஆண்டுக்குச் சராசரி 69 ஆட்டம் ஆடியது, டெடோவின் அணி 42 அல்லது 43. அந்தக் காலத்துச் சீசன் அவ்வளவு சிறியது. அதனால் இரு காலத்தவரை ஒப்பிடும்போது விகிதத்தை மட்டும் எடுங்கள், ஆண்டுச் சராசரியைத் தொடாதீர்கள்.

கல்லூரி மாறியவருக்குத் தனித்தனி வரி கட்டாயம். ஆகி கரீடோவின் 1,975 வெற்றிகளில் பெரும்பகுதி கால் ஸ்டேட் ஃபுல்லர்டன், டெக்சஸ் இரண்டிலும் வந்தவை. ஆனால் அவர் 1969-இல் தொடங்கியது சான் ஃபிரான்சிஸ்கோ ஸ்டேட்டில், பிறகு கால் பாலியில்; இரண்டும் அன்று கீழ்ப் பிரிவு அணிகள். ஃபுல்லர்டனே முதல் பிரிவுக்கு ஏறியது 1975-இல்தான். எந்தப் பிரிவில் வந்த வெற்றி என்று பார்க்காமல் மொத்தத்தைக் கூட்டிவிடக் கூடாது.

இனிப் பட்டங்கள். இங்கே அவசரப்படவே கூடாது. இன்றைய முறை 1999-இல் வந்தது: 64 அணிகள், நான்கு நான்காக 16 குழுக்கள், இரண்டு ஆட்டம் தோற்றால் வெளியே. வெல்லும் 16 அணிகள் இரண்டிரண்டாக மூன்றாட்டத் தொடர் ஆடும். எஞ்சும் எட்டு மட்டுமே ஓமஹா போகும். 2003 முதல் இறுதியும் மூன்றாட்டத் தொடர்தான். ஆனால் 1988 முதல் 2002 வரை இறுதி ஒரே ஓர் ஆட்டம். எல்எஸ்யூ (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) அணியின் ஸ்கிப் பெர்ட்மன் வென்ற ஐந்து பட்டங்களும் (1991, 1993, 1996, 1997, 2000) அந்த ஓராட்டக் காலத்தவை. 1996 இறுதியில் அவருடைய அணி மயாமியிடம் 7–8 என்று பின்தங்கி, கடைசி இன்னிங்ஸில் இரண்டு பேர் அவுட்டாகி, மூன்றாமவரும் அவுட்டானால் ஆட்டமே முடியும் என்ற நிலையில், வாரன் மாரிஸ் பந்தை வேலிக்கு வெளியே அடித்து இரண்டு ரன் தந்த ஹோம் ரன்னால் 9–8 என்று வென்றது. அந்தச் சீசனில் மாரிஸ் அடித்த ஒரே ஹோம் ரன் அது. 1999 இறுதியில் மார்ட்டின் அதே மயாமியிடம் 5–6 என்று தோற்றார். அவர் 17 முறை ஓமஹா போயும் ஒரு பட்டமும் இல்லை. எங்கள் கணிப்பில், ஓரக்கட்டத்தில் உள்ள அந்த 17 குறிகளே அவர் திறமைக்கு நம்பகமான சான்று. பட்டத்தை ஒரே அடி மாற்றிவிடும், 17 பயணங்களை மாற்றாது.

பங்குப் பட்டங்களையும் பிரித்துக் குறியுங்கள். டெடோவின் 11 பட்டங்களில் 1948-இல் வந்தது சாம் பாரியோடு சேர்ந்து பயிற்றுவித்தபோது வென்றது.

ரன் எண்ணிக்கையை வைத்துப் பயிற்சியாளர்களை ஒப்பிடாதீர்கள். மட்டை மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 1974-இல் அலுமினிய மட்டை அனுமதிக்கப்பட்டது. 1998 இறுதி 21–14 என்று முடிந்தது. 2011-இல் மட்டையின் துள்ளலைக் குறைக்கும் புதிய விதி வந்த பிறகு, 2013 ஓமஹாத் தொடர் முழுவதிலும் மூன்றே ஹோம் ரன்.

கடைசியாக, நான்காம் ஆண்டுச் சோதனை. நான்காண்டுக் கல்லூரியில் சேர்ந்த ஆட்டக்காரரை மூன்றாம் ஆண்டு முடிந்ததும், அல்லது 21 வயது ஆனதும், தொழில்முறை அணிகள் எடுத்துக்கொள்ளலாம். அதனால் மிகச் சிறந்தவர் மூன்று ஆண்டுக்கு மேல் தங்குவது அபூர்வம். பல ஆண்டுகளாக முதல் பிரிவு அணி ஒன்றுக்கு 11.7 முழு உதவித்தொகைதான் இருந்தது. அதைத் துண்டு துண்டாகப் பிரித்துத்தான் ஆள் சேர்க்க வேண்டியிருந்தது. ஆகவே பட்டியலில் ஒரு நட்சத்திரத்தின் பெயரைக் கண்டால் அவர் ஆடிய ஆண்டுகளை விட்டுவிட்டு, போன பிறகான இரண்டு வரிகளைப் பாருங்கள். ஃப்ளோரிடா ஸ்டேட்டில் ஷார்ட்ஸ்டாப்பாக (உள்களத் தடுப்பாளர்) இருந்து கேட்சராக (மட்டையாளருக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவர்) மாற்றப்பட்ட பஸ்டர் போஸி, மூன்றாம் ஆண்டு முடிந்து 2008-இல் போய்விட்டார். அடுத்த இரண்டு வரிகளிலும் வெற்றி 40-க்குக் கீழே இறங்கவில்லை. 2010-இல் ஓரக்கட்டத்தில் மறுபடியும் ஓமஹா விழுந்தது.