முதல் கிளி, முதல் கடி

என் இடது கை ஆள்காட்டி விரலில், நகத்துக்குச் சற்றுக் கீழே, அரிசி நீளத்துக்கு ஒரு தழும்பு இருக்கிறது. இருபது வருடமாகத் தையல் மிஷின் ஓட்டுபவள் என்பதால் ஊசி ஏறிய தழும்பு என்றுதான் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். அது ஊசி இல்லை. தொண்ணூறு கிராம் எடையுள்ள ஒரு காக்டெயில் (cockatiel) செய்த வேலை. கொண்டை வைத்த சின்னக் கிளி. பெயர் பட்டன். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளே என் விரலைப் பதம் பார்த்துவிட்டது. இப்போது என் தோளில் உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியின் காலைக் கொத்திக்கொண்டிருக்கிறது.

ப்ளவுஸ் அளவு கொடுக்க வருகிறவர்கள் அதைப் பார்த்ததும் இரண்டு கேள்வி கேட்பார்கள். என்ன விலை? கடிக்குமா? விலையைச் சொல்லிவிடுவேன். இரண்டாவதற்கு வாசலில் நின்றபடி பதில் சொல்ல முடிவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில், எதை வாங்கக் கூடாது என்பது. நம் ஊர்ப் பச்சைக்கிளி வேண்டவே வேண்டாம். என் தாத்தா வீட்டில் ஒன்று இருந்தது. பனைமரப் பொந்திலிருந்து எடுத்த குஞ்சு. கிளி ஜோசியக்காரர் கூண்டை விடக் கொஞ்சம்தான் பெரிய கூண்டில் பதினோரு வருடம் இருந்து செத்துப்போனது. அன்றைக்கு அது யாருக்கும் தப்பாகத் தெரியவில்லை. ஆனால் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இன்றைக்கு இருக்கிறபடி, நம் நாட்டுக் கிளிகளைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். பச்சைக்கிளிக்கும் இது பொருந்தும், அதைவிடப் பெரிய அலெக்சாண்ட்ரின் கிளிக்கும் பொருந்தும். யாராவது பையில் மூன்று குஞ்சைப் போட்டுக்கொண்டு வாசலுக்கே வந்து “சின்னதிலேயே பழக்கினால் நன்றாகப் பேசும்” என்று சொன்னாலும் வாங்காதீர்கள்.

வெளிநாட்டுக் கிளிகளிலும் ஒரு பிரிவு உண்டு. ஆப்பிரிக்கன் கிரே, சன் கோனூர் மாதிரியானவை உலக அளவில் வணிகக் கட்டுப்பாடு உள்ளவை. அவற்றை வைத்திருப்பவர்கள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 2024-இல் விதி வந்தது. காக்டெயிலும் பட்ஜி (budgie) என்ற சின்னக் கிளியும் அந்தப் பட்டியலில் இல்லை. சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும் கிரே முதல் கிளிக்கு ஆகாது. நாற்பது ஐம்பது வருடம் வாழும், கவனிப்பு குறைந்தால் தன் இறகைத் தானே பிடுங்கிக்கொள்ளும். சன் கோனூர் மஞ்சளும் ஆரஞ்சுமாக மாம்பழம் போல இருக்கும், ஆனால் அது கத்துவதை ஒருமுறை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். ஒட்டுச்சுவர் வீடு என்றால் பக்கத்து வீட்டுக்காரரையும் கேட்டுவிடுங்கள்.

அப்புறம் இந்த லவ் பேர்ட்ஸ் குழப்பம். நம் ஊர்க் கடையில் லவ் பேர்ட்ஸ் என்று கேட்டால் எடுத்துத் தருவது பெரும்பாலும் பட்ஜி. உண்மையான லவ் பேர்ட் வேறு. ஆப்பிரிக்கப் பறவை, குட்டை வால், தடித்த அலகு. கடைக்காரர்கள் ‘ஆப்பிரிக்கன்’ என்று தனியாகச் சொல்வார்கள். அழகுதான், ஆனால் கோபக்காரப் பறவை, கடித்தால் ரத்தம் பார்க்கும். பட்ஜிக்கு முப்பது நாற்பது கிராம் எடைதான். அது கடித்தால் கிள்ளினது மாதிரி இருக்கும், அவ்வளவே. சின்ன வீடு, சின்னப் பட்ஜெட் என்றால் பட்ஜி நல்ல தொடக்கம். ஆனால் ஜோடியாக வாங்கினால் அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும், உங்களைக் கண்டுகொள்ளாமல் போகலாம்.

என் ஓட்டு காக்டெயிலுக்கு. ஆஸ்திரேலியப் பறவை, காக்கட்டூ என்ற கொண்டைக்கிளிக் குடும்பத்திலேயே சின்னது. பேச்சு சுமார், விசில் பிரமாதம். ஆணுக்குத்தான் விசில் அதிகம், பெண் அமைதி. இரண்டு எச்சரிக்கை: இறகிலிருந்து மாவு போல வெள்ளைத் தூசி கொட்டும், வீட்டில் ஆஸ்துமா இருந்தால் யோசியுங்கள். இரண்டாவது, நன்றாகப் பார்த்துக்கொண்டால் பதினைந்து இருபது வருடம் இருக்கும். ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது அடம்பிடித்து வாங்கிய என் மகன் இப்போது கோவையில் கல்லூரி விடுதியில் இருக்கிறான். கிளி திண்டுக்கல்லில் என்னோடு இருக்கிறது. பிள்ளைகளுக்கு வாங்கித் தரும் கிளி கடைசியில் அம்மாவுடையதுதான்.

வாங்கும் இடத்தில் நான் ஏமாந்தேன். “ஹேண்ட் டேம் அக்கா, கையிலேயே நிற்கும்” என்றார் கடைக்காரர். நின்றது. பறக்கவே இல்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒரு பக்க இறக்கையை வெட்டிவிட்டிருக்கிறார்கள். பறக்க முடியாத, பயந்துபோன பறவை அசையாமல் நிற்கும். பழகிய பறவை வேறு மாதிரி. கூண்டைத் திறந்ததும் அதுவாக உங்கள் பக்கம் நகர்ந்து வரும், கழுத்தைச் சாய்த்துச் சொறிந்துவிடச் சொல்லும். கடைக்காரர் கைவிட்டுப் பிடித்துத்தான் வெளியே எடுக்கிறார் என்றால் அது பழகிய பறவை இல்லை. இறக்கை இரண்டையும் விரித்துக் காட்டச் சொல்லுங்கள். மூக்குத் துளை காய்ந்து சுத்தமாக இருக்க வேண்டும், பின்பக்கம் எச்சம் ஒட்டியிருக்கக் கூடாது. மூச்சு விடும்போது வால் மேலும் கீழும் ஆடினாலோ, பட்டப்பகலில் உப்பிக்கொண்டு தூங்கினாலோ வேண்டாம். பறவைகள் நோயைக் கடைசிவரை மறைக்கும். வெளியே தெரிகிறது என்றால் ரொம்ப முற்றிவிட்டது என்று அர்த்தம்.

இன்னொன்று, சிரிஞ்சில் கூழ் ஊட்டும் நிலையில் உள்ள குஞ்சை “நீங்களே ஊட்டினால் நன்றாக ஒட்டும்” என்று தள்ளிவிடுவார்கள். கூழின் சூடு கொஞ்சம் கூடினால் கழுத்தடியில் உள்ள தீனிப்பை வெந்துவிடும், மூச்சுக் குழாயில் போனால் உயிரே போய்விடும். காக்டெயில் என்றால் எட்டுப் பத்து வாரம் ஆகி, தானாகத் தினை கொத்தித் தின்பதைக் கண்ணால் பார்த்த பிறகு வாங்குங்கள்.

வீட்டு ஏற்பாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கூண்டு உயரத்தை விட அகலம் முக்கியம், இரண்டு அடியாவது வேண்டும். வெளியே விடும்போது மின்விசிறி ஓடவே கூடாது. நான் சுவிட்சின் மேல் டேப் ஒட்டியிருக்கிறேன். நான்ஸ்டிக் பாத்திரம் காய்ந்து புகைந்தால் அந்தப் புகையே பறவையைக் கொன்றுவிடும். கொசுவர்த்தி, ஊதுபத்தி அந்த அறையில் வேண்டாம். என் வீட்டில் கூடுதலாக நூல் ஒரு ஆபத்து, காலில் சுற்றினால் ரத்த ஓட்டம் நின்றுவிடும். தினை, கம்போடு முருங்கைக்கீரை, கொத்தமல்லி, கேரட் கொடுக்கிறேன். சூரியகாந்தி விதை நமக்கு முறுக்கு மாதிரி, அளவோடு. ராத்திரி பத்துப் பன்னிரண்டு மணி நேரத் தூக்கம் வேண்டும். இருட்டில் திடுக்கிட்டுக் கூண்டுக்குள் அடித்துக்கொள்ளும் பழக்கம் காக்டெயிலுக்கு உண்டு, ஜீரோ வாட் பல்பு போதும். தீபாவளி வாரத்தில் உள் அறைக்கு மாற்றிவிடுவேன்.

இனி கடி.

மூன்றாம் நாள் நான் செய்தது இதுதான்: கூண்டுக்குள் நேராகக் கையை விட்டேன். அது பின்வாங்கியது, கையை இன்னும் நீட்டினேன். கொண்டையைத் தலையோடு ஒட்டிவைத்துக்கொண்டு ‘ஸ்ஸ்’ என்றது. “ஒன்றும் இல்லைடா” என்று கொஞ்சிக்கொண்டே விரலை நெஞ்சுக்கு நேராகக் கொண்டுபோனேன். கடித்தது. அலறிக்கொண்டு கையைப் பிடுங்கினேன், அதில்தான் தோல் கிழிந்தது. அன்று பட்டன் ஒரு பாடம் கற்றுக்கொண்டது. நகர்ந்து பார்த்தாயிற்று, சீறிப் பார்த்தாயிற்று, பலனில்லை. கடித்தால்தான் இந்தக் கை போகிறது. அடுத்த முறையிலிருந்து சீறவே இல்லை, நேரே கடிதான்.

பிறகு தெருவே யோசனை சொன்னது. விரலுக்கு அங்குஸ்தான் (ஊசி குத்தாமல் இருக்கத் தையல்காரர்கள் போடும் உலோக உறை) மாட்டிக்கொண்டு போனேன். பளபளப்பைப் பார்த்து இன்னும் மிரண்டது. விரலில் மிளகாய்ப் பொடி தடவச் சொன்னார் எதிர்வீட்டு அக்கா. பறவைகளுக்கு மிளகாய்க் காரம் உறைக்காது என்பது அப்போது எங்கள் இருவருக்குமே தெரியாது. பட்டன் விரலை நக்கிவிட்டு ஆற அமரக் கடித்தது. அலகில் சுண்டச் சொன்னார் இன்னொருவர். அதை மட்டும் நான் செய்யவில்லை, நீங்களும் செய்யாதீர்கள். கை என்றால் அடி என்று பதிந்துவிட்டால் மீட்பது கஷ்டம்.

வழி காட்டியது என் மாமியார், அதுவும் தெரியாமலேதான். தினமும் சாயங்காலம் கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்வார். கிளியைப் பார்க்கக்கூட மாட்டார். பத்து நாளில் பட்டன் அவர் பக்கத்துக் கம்பியில் வந்து தொங்க ஆரம்பித்தது. ஒரு இணுக்கைக் கம்பிக்குள் செருகினார், வாங்கிக்கொண்டது. “உன்னை மட்டும் ஏன்டி கடிக்குது? நீ அதுக்கிட்ட எதையோ கேட்டுக்கிட்டே இருக்க. நான் ஒண்ணும் கேக்கலியே” என்றார். எனக்குச் சுருக்கென்றது.

சரி என்று நானும் அப்படியே தொடங்கினேன். ஒரு வாரம் காஜா எடுக்கிற வேலையைக் கூண்டுப் பக்கம் வைத்துக்கொண்டேன், கை கிட்டே போகவே இல்லை. இரண்டாம் வாரம் கம்பி வழியாகத் தினைக் கதிர். நாட்டு மருந்துக் கடையில் கிடைத்தது. கதிரை நீளமாகப் பிடித்துத் தொடங்கி, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் உள்ளே தள்ளிப் பிடித்தேன். அப்புறம் ஐஸ் குச்சி. குச்சியின் நுனியை அலகால் தொட்டால் ஒரு கொத்துத் தினை. தொடுவதற்குக் குச்சியைத் தேடி வர ஆரம்பித்ததும், அந்தக் குச்சியைக் காட்டியே கூண்டுக்கு வெளியே வரவழைக்கலாம். கூண்டு அதன் வீடு, வீட்டுக்குள் கை நுழைந்தால் பழகிய கிளியும் கடிக்கும். அதனால் விரலில் ஏறப் பழக்குவதை வெளியேதான் செய்ய வேண்டும். விரலைப் படுக்கையாக, கால்களுக்குச் சற்று மேலே வயிற்றையொட்டிக் காட்டி “ஏறு” என்பேன். ஏறினால் தினை. திரும்பிக்கொண்டால் விரலை எடுத்துவிடுவேன். வேண்டாம் என்று அது சொன்னால் நான் கேட்கிறேன் என்று அதற்குத் தெரிய வேண்டும், அதுதான் இதில் பாதி வேலை. இரண்டு மாதம் ஆனது. நேரம் ஒரு தடவைக்கு ஐந்து நிமிஷம், அதற்கு மேல் அலுத்துவிடும்.

கடித்தேவிட்டால்? கத்தாதீர்கள், கையை உதறாதீர்கள். கத்தல் சில கிளிகளுக்கு வேடிக்கை, மறுபடி கேட்கக் கடிக்கும். மெதுவாக அருகில் உள்ள இடத்தில் இறக்கிவிட்டு, அரை நிமிஷம் முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். புண்ணைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஆழமாக இருந்தால் டாக்டரைப் பாருங்கள். பிறகு உட்கார்ந்து, கடிப்பதற்கு முந்தைய பத்து நொடியை நினைத்துப் பாருங்கள். காக்டெயிலுக்குக் கொண்டைதான் முகம். பின்பக்கமாக ஒட்டிப் படிந்திருந்தால் கோபம் அல்லது பயம். ஈட்டி மாதிரி நிமிர்ந்திருந்தால் மிரட்சி. பாதி சாய்ந்து தளர்ந்திருந்தால் பேசலாம். குஞ்சுகள் எல்லாவற்றையும் அலகால் அழுத்திப் பார்ப்பது கடியில் சேராது, கை இல்லாத குறைக்கு அலகு. விரலில் ஏறும் முன் அலகால் பிடிப்பதும் படி பலமாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான். அங்கே பயந்து விரலை இழுத்தால் அடுத்த முறை ஏறாது.

நன்றாகப் பழகிய கிளி திடீரென்று கடிக்கிறது என்றால் முதலில் உடம்பைச் சந்தேகப்படுங்கள், பறவை பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். சென்னைக்காரர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. எங்களைப் போன்ற ஊர்களில், யார் பறவை பார்ப்பார்கள் என்பதைக் கிளி வாங்கும் முன்பே விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது.

போன மார்கழியில் பட்டன் மறுபடி கடிக்கத் தொடங்கியது. டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்றார். எங்கே கடிக்கிறது என்று ஒரு நோட்டில் குறித்துப் பார்த்தேன். எல்லாமே மிஷினுக்குக் கீழே வெட்டுத்துணி போடும் கூடைப் பக்கம். இருட்டான மூலை, மெத்து மெத்தென்ற துணி, கூடு கட்ட இதைவிட நல்ல இடம் எது? உள்ளே போய் அலகால் தட்டித் தட்டிப் பாடிக்கொண்டிருந்திருக்கிறது. நான் துணி எடுக்கக் கையை விட்டபோதெல்லாம் அதன் கூட்டுக்குள் கைவிட்டிருக்கிறேன். கூடைக்கு ஒரு மூடி போட்டேன், கூடு கட்டும் ஆசை தணிய முதுகைத் தடவுவதை நிறுத்தித் தலையோடு முடித்துக்கொண்டேன், ராத்திரித் தூக்கத்தை ஒரு மணி நேரம் கூட்டினேன். பத்துப் பன்னிரண்டு நாளில் கடி நின்றது. அதுவரை தினமும் அந்த மூடியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, கொண்டையைத் தூக்கி என்னை முறைத்துக்கொண்டிருந்தது.